மாமி பாடச் சொன்ன நாள்

மச்சானின் எலக்ட்ரிக் கிற்றாரில் ஒரு கம்பி அறுந்தபோது, மன்னார் பட்டினம் முழுக்கத் தேடியும் வேறு கம்பி கிடைக்கவில்லை. மீன் பிடிக்கிற நைலோன் தங்கூசி நூலை எடுத்துப் பூட்டினான். மற்றக் கம்பிகள் ஸ்பீக்கரை அதிரவைக்க, தங்கூசி மட்டும் ஊமையாய்க் கிடந்தது. "சத்தம் வராட்டில் என்ன, பாக்கிற ஆக்களுக்குக் குறை தெரியாது" என்று சொல்லி அதையும் சேர்த்தே மீட்டினான். அவ்வளவு பெரிய வித்துவான்கள் நாங்கள்.

போர் முடிந்து, கடலில் இறங்க நேவிக்காரர் பாஸ் கேட்கிறதை விட்டிருந்த காலம். அரிப்புக் கிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் நாலு பேர் சேர்ந்து ரொக் இசைக்குழு ஒன்று தொடங்கினோம். என் மாமியின் மகனான மச்சானுக்குப் பாட்டும் கிற்றாரும், எனக்கு ட்ரம். கொழும்புக் குழுக்கள் பாடுகிற தமிழ் எங்கள் வாயில் ஒட்டவில்லை. வீதியை மறித்து நிற்கிற மன்னார்க் கழுதையைப் பற்றியும், இழுத்து இழுத்துக் கை சோர்ந்தாலும் ஸ்டார்ட் வராத படகு எஞ்சினைப் பற்றியும், வீட்டில் கதைக்கிற மாதிரியே பாடினோம். "விலத்துங்கோ, கழுதையார் வாறார்" என்று மச்சான் தொண்டை கிழியக் கத்தினால், தேவாலயப் பெருநாளுக்கு வந்த கிழவர்களும் கதிரையை விட்டு எழும்பி ஆடுவார்கள். பங்குச் சுவாமி மட்டும், "சண்டை பிடிக்கிறியளோ, பாடுறியளோ?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் தனியாகக் கடலுக்குப் போன மச்சான் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின. ஒரு மண்ணெண்ணெய்க் கான்கூடக் கரை ஒதுங்கவில்லை.

எங்கள் கரையில், உடல் கிடைக்காதவருக்கு வீட்டார் சம்மதிக்கும்வரை மரணப் பூசை வைப்பதில்லை. அதுவரை அவர் படகில் நிற்கிற இடத்துக்கு வேறு ஆளும் பிடிப்பதில்லை. மாமி இந்த வழக்கத்தை எங்கள் குழுவுக்கும் சேர்த்துவிட்டார். "வேற ஆளைப் போட்டுப் பாடிப்போடாதையுங்கோ பிள்ளையள். அவனை அக்கரையில இந்தியன் நேவி பிடிச்சு மறியல்ல வச்சிருக்கும். வந்து பாடுவான்" என்றார். ஓம் என்றோம்.

அவன் வருவான் என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனாலும் பெருநாளுக்குப் பாடக் கேட்டு வந்தவர்களிடம், பாடகர் வெளியில் போயிருக்கிறார் என்றே சொன்னேன். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குள் ஒரு மடத்தனம் ஊறிப்போயிருந்தது. மாமிக்காகத்தான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். வருடங்கள் போயின. குழுவில் ஒருவன் கட்டாருக்குப் போனான், இன்னொருவன் கனடாவுக்கு. ட்ரம்மை எலி கடித்துவிட்டது. ஊரில் மிஞ்சியது நான் மட்டும்.

இந்த வருடப் பெருநாளுக்குக் கொடியேற முன்னம், ஒரு பின்னேரம் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். மாமி வந்து பக்கத்தில் மணலில் இருந்தார். கொஞ்ச நேரம் வலையின் மறுகரையை இழுத்துப் பிடித்துத் தந்தார்.

"மருமகன், இந்த முறை பெருநாளுக்கு அவன்ரை பாட்டை நீ பாடு" என்றார்.

ஒரு நாளும் நம்பாத நான்தான் கெஞ்சினேன்: "அவசரப்படாதையுங்கோ மாமி. அவன் வந்தால் என்ன நினைப்பான்?"

மாமி வலையை விட்டுவிட்டு எழும்பி, சீலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"சுவாமியிட்ட அவன்ரை பூசைக்குச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."