எந்த 'ர' போடணும்?

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு கடிதம் எழுதினால்கூடத் தேதியோடு நேரத்தையும் குறிப்பவன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்த அறையில் இருந்தவர்கள்: கதவோர மேசைக்குப் பின்னால் ரெக்கார்டு கிளார்க். நடுவில், நீள மேசையில் நான். ஜன்னல் பக்கம், துணைக்கு வந்த என் மச்சான், கொட்டாவி விட்டபடி. கடைசியில், சுவரோரப் பெஞ்சில், தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண். பதினைந்து வயது இருக்கும். ஆபீஸில் யாருடைய மகளோ என்று நினைத்தேன்.

பகல் இரண்டு நாற்பது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி. என் அத்தையை, அதாவது அப்பாவின் ஒரே அக்காவை, அங்கேதான் அடைத்தார்கள். வேலைக்கு விட்ட வீட்டிலிருந்து ஓடிவந்து, எங்கள் விறகு அறையில் ஒளிந்திருந்தாளாம். "அக்கா எங்கடா?" என்று தேடி வந்தவர்கள் கேட்க, ஏழு வயது அப்பா விரலை நீட்டிக் காட்டிவிட்டார். அதன்பின் அவளிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

இப்போது அப்பாவுக்கு எண்பது. வேறு ஊரில், தனியாக இருக்கிறார்.

"என்மேல கோபமா இருந்தாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுடா."

கேட்டது அவ்வளவுதான்.

"கரையான் படிச்சது போக மிச்சம்தான் சார் உங்களுக்கு" என்று கிளார்க் பழைய பதிவேடுகளை வைத்தார்.

பக்கம் புரட்டினேன். பின்னால் பேனா முள் கீறும் சத்தம். க்ரீச்... க்ரீச்... நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

மின்விசிறிக் காற்றில் என் தாள்கள் பறந்தன. அவளுடைய தாள் அசையவில்லை.

மச்சான் எழுந்து போய்த் தன் பையை அந்தப் பெஞ்சில் வைத்தான். 'கொஞ்சம் தள்ளிக்கம்மா' என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்று பத்து.

"ஐயா... மறக்காதேன்னு எழுத எந்த ர போடணும்?"

தலை நிமிராமலே சொன்னேன். "பெரிய ற-ம்மா."

"தம்பிக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்..."

என் பேனா நின்றது.

அப்பா இன்றுவரை 'மரக்காதே' என்றுதான் எழுதுவார். அதைப் பார்த்து எழுதி, பள்ளிக்கூடத்தில் நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன்.

திரும்பினேன்.

பெஞ்சு. பை.

வேறு யாரும் இல்லை.

"யார்கிட்ட அத்தான் பேசுனீங்க?"

"அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணு? வந்ததுலேருந்து நாம மூணு பேருதானே."

கிளார்க் ஒரு கட்டைக் கொண்டுவந்தார். மேலே 'அனுப்பாத கடிதங்கள்' என்று எழுதியிருந்தது. இறுகிப்போன கயிற்றை என் கண்ணெதிரில்தான் அறுத்தார். மூன்றாவது கடிதம் அத்தையுடையது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'பிழை உள்ளது. திருத்தும்வரை அனுப்பக் கூடாது.'

"அப்ப அதான் சார் ரூல். தப்பில்லாம எழுதுனாத்தான் தபால்ல சேப்பாங்க."

பதிவேட்டில், கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கு அதே வாரம் அவள் பெயர் இருந்தது. காய்ச்சல். மரணம். வயது பதினைந்து.

கடிதத்தில் மூன்றே வரிகள். 'தம்பி, நீ சின்னப் பிள்ளை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை மறக்காதே.'

கடைசிச் சொல்லில் 'ர' அடிக்கப்பட்டு, மேலே உருண்டையாக ஒரு 'ற'.

தொட்டேன்.

விரலில் மை ஒட்டியது.

ஈரம்...

கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கி வந்தேன். இரண்டு நாள் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தேதி, நான் அங்கே போன அதே நாள். நேரம், பகல் மூன்று மணி. 'மரக்காமல் பதில் போடு' என்று முடித்திருந்தார்.

அதில் 'ர' அடிக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு 'ற'.

உருண்டையாக.

போன் போட்டேன். "யாருப்பா இதத் திருத்துனது?"

"எத? எழுதி, அப்பவே ஒட்டிட்டேனேடா. இங்க என்னைத் தவிர யாரு இருக்கா?"

போனை வைத்தேன். அத்தையின் கடிதத்தை உறையில் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். பெறுநர், அப்பா. அனுப்புநர் இடத்தில் என் பெயரைப் போடவில்லை. அவள் பெயரை எழுதினேன். மாலை நான்கு ஐந்துக்குத் தபால் பெட்டியில் போட்டேன்.