ஒரு களிமண் காகத்துடன் கிள்ளானுக்கு

என் பெயர் இராமநாதன். வயது ஐம்பது, தொழில் நில அளவை. மட்பாண்டம், சிற்பம் ஆகியவற்றில் உயர்நிலை வகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், சென்ற சனிக்கிழமைப் பயணத்தை எழுதுகிறேன்.

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்றில்லை. ஆனால் என் மகள் யாழினியின் அனைத்துலகப் பள்ளிக்குக் கோடை விடுமுறை உண்டு. விடுமுறைப் பாடமும் உண்டு. சூளையில் சுட்ட சிற்பம் ஒன்றை முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். உயரம் 20 செ.மீ.க்குக் குறைந்தால் உயர்நிலைச் சிற்ப வகுப்பில் இடமில்லை. யாழினி, கவிழ்த்த வாளியின்மேல் நிற்கும் காகம் ஒன்றைச் செய்திருந்தாள்.

யாழினியும் நானும் புறப்பட்டோம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை ஒன்பது நிமிடம். காலை ரயில் கிள்ளானை அடைய ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. கட்டணம் 4 வெள்ளி 60 காசு. காகம் இருந்த பெட்டியை நான் மடியைவிட்டு இறக்கவில்லை. அங்கிருந்து சிற்பம் சுட்டுத்தரும் பட்டறைக்கு 2.3 கி.மீ., வாடகைக் காரில் 7 வெள்ளி.

“என்ன அங்கிள், பிள்ளையத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கீங்க?” என்றார் ஓட்டுநர்.

“மண் சிற்பம். மெதுவா போங்க தம்பி.”

“கவலப்படாதீங்க லா. மேடு வந்தா சொல்லிட்டுத்தான் ஏறுவேன்.” சொன்னபடியே ஐந்து முறை சொன்னார்.

சூளைப் பட்டறையை நடத்தும் செல்வி அக்கா, காகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அளவுகோலை வைத்தார்.

“எத்தன சென்டி கேட்டாங்க?”

“இருபது. சரியா இருபது இருக்கும்.”

“பதினெட்டே முக்கால்தான் இருக்கு அண்ணே. சுட்டா இன்னும் ஒண்ணு போயிடும். ஈரத்துல அளந்தீங்களா?”

“ஆமாம்.”

“காஞ்சா சுருங்கும் லா. என்ன வேல பாக்குறீங்க?”

“சர்வேயர்” என்று யாழினி முந்திக்கொண்டாள். “நான் இருபத்து நாலுதான் வச்சேன் அக்கா. ரூல்ஸ்ல இருபதுதானே இருக்குன்னு அப்பாதான் வாளிய வெட்டச் சொன்னாரு.”

அடியில் கொஞ்சம் மண் ஒட்டி உயர்த்தலாமா என்று கேட்டேன். உலர்ந்த மண்ணில் ஈர மண்ணை ஒட்டினால் வெடிக்குமாம். பள்ளி திறக்கப் பதினெட்டு நாள்களே இருந்தன. உலர்வதற்குப் பத்து நாள் வேண்டும், அதன்பின்தான் சூளை. அன்றே புதிதாகச் செய்தால் மட்டுமே வகுப்பில் இடம் கிடைக்கும்.

யாழினி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூன்றரை மணி நேரம். நான் தேநீர் வாங்கிவந்ததைத் தவிர எதிலும் தலையிடவில்லை. இரண்டாவது காகம் 25 செ.மீ.; அலகைத் திறந்து, கழுத்தை முன்னே நீட்டி நின்றது. முதலாவதைவிட நன்றாகவே இருந்தது.

“இது யாரையோ திட்டுது” என்றார் செல்வி அக்கா. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

செல்வோர் கவனத்துக்கு: மண் வாங்கும்போதே அதன் சுருக்க விகிதத்தைக் கேளுங்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால், சுட்டபின் 20 செ.மீ. நிற்க ஈரத்தில் 22.7 செ.மீ. வேண்டும்; 24 வையுங்கள். ஈரச் சிற்பத்தை ரயிலில் கொண்டுவராமல் பட்டறையிலேயே நெகிழித்தாள் போர்த்தி உலரவிடுங்கள். விதி சொல்வது குறைந்த அளவைத்தான். செய்பவர் கை அதற்குமேல் போனால் தடுக்காதீர்கள்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, சூளையைத் திறக்கிறார்கள். நானும் வரலாம், ஆனால் எதையும் அளக்கக்கூடாது என்று யாழினி அனுமதி தந்திருக்கிறாள். இப்போது விடுப்பு விண்ணப்பத்தை நிரப்பப் போகிறேன். காரணம் என்ற கட்டத்தில், “மகளின் காகம் வெளிவருகிறது” என்று உள்ளபடியே எழுதுவேன்.