வெர்லினுக்குக் கிடைக்காத ஐம்பதாம் ஆண்டு பேட்ஜ்

என் வீட்டுக்காரர் வெர்லின் ஸ்டக்கி பாய்லர் மெக்கானிக். எங்கள் இண்டியானா ஊர்க் கல்லூரியில் இரண்டே வருடம் படித்தார். அங்கே ஒரு மாணவர் சகோதர சங்கத்தில் சேர்ந்தார். படிப்பு போனாலும் சங்கத்தை அவர் விடவில்லை. அவருடைய அப்பா தானியக் குதிரிலிருந்து விழுந்து இடுப்பொடிந்ததால் பாதியில் பண்ணைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது சங்கச் செயலாளர் அவருடைய அறைத்தோழன் டுவைட் ஆஷ்கம். படிப்பை விட்டு விலகுகிறவரைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு தாள் அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் உறுப்பினர்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தோளில் தட்டி அனுப்பினான்.

பழைய மாணவர்களின் பாசத்தைப் பற்றி என்னைக் கேளுங்கள். இருபத்தைந்து வயதில் ஃபுட்பால் மேட்ச் பார்க்க வந்து, குடித்துவிட்டு என் சோபாவில் வாந்தி எடுத்தார்கள். பிள்ளை குட்டி என்று ஆனதும் ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூடக் கிடையாது, பதினைந்து வருடம் ஆளையே காணோம். ஐம்பதில் கையில் காசு புரண்டதும் திரும்பி வந்து சங்கத்துக்குச் செக்கை நீட்டினார்கள். பையன்கள் தங்கிப் படிக்கும் சங்க வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் பெயர், மாடிப்படியில்கூட ஒருவன் பெயர். இப்போது எழுபதை நெருங்கியதும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

வெர்லினுக்கு இந்தப் பருவமெல்லாம் தெரியாது. ஒவ்வோர் ஆகஸ்டும் பையன்கள் வருமுன் சங்க வீட்டின் நிலவறையில் இறங்கி, வீட்டுக்கே சூடும் வெந்நீரும் தரும் பாய்லரைக் காசு வாங்காமல் சுத்தம் செய்வார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அங்கேதான் இருந்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன அக்டோபரில், சேர்ந்து ஐம்பது வருடமானவர்களுக்கு பேட்ஜ் குத்தும் விழா. வெர்லின் புதுச் சட்டை வாங்கினார், ஷூவை இரண்டு முறை துடைத்தார். இப்போது சங்க வீட்டைக் கவனித்துக்கொள்ளும் டுவைட்தான் மேடையில் ஆங்கில அகர வரிசையில் பெயர்களைப் படித்தான். என் மனுஷன் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டக்கி வரவேண்டிய எஸ் முடிந்தது, டி வந்தது, அப்புறம் கைதட்டல்.

நான் நேரே போய் டுவைட்டைப் பிடித்தேன்.

"லிஸ்ட்ல இல்லம்மா லொரேன். அந்தத் தாள் போகல போல. போகலன்னா அப்பவே மெம்பர் லிஸ்ட்லேருந்து பேர அடிச்சிருவாங்க."

"அனுப்புறேன்னு சொன்னது நீதானே?"

"நாப்பத்தெட்டு வருஷக் கதை. எனக்கெங்க ஞாபகம் இருக்கு? வெறும் பேட்ஜ்தானே, விடேன்."

வெறும் பேட்ஜாம். தன் கோட்டில் குத்தியிருந்ததைத் தடவிக்கொண்டேதான் அதைச் சொன்னான். தட்டில் இருந்த உருளைக்கிழங்கு சாலட்டை அவன் மூஞ்சியில் அப்பியிருப்பேன், வெர்லின் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பரில் முதல் கடுங்குளிர். காலைச் சாப்பாட்டு நேரத்தில் டுவைட் போன் செய்தான். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. பாய்லர் நின்றுவிட்டதாம், வெந்நீர் இல்லையாம், இன்றைக்குப் பார்த்து பையன்களின் பெற்றோர் வருகிறார்களாம், உடனே வரவேண்டுமாம். பேட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போனைப் பிடுங்கப் போனேன். வெர்லின் விடவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெம்பருங்க யாரையாவது வரச் சொல்லு, டுவைட்," என்று சொல்லி போனை வைத்தார்.