நோட்டீஸில் நான் ஸ்டாஃப் நர்ஸ்

இன்னிக்குக் காலையில நெரவியிலேருந்து காரைக்கால் வர்ற பஸ்ஸுல ஒரு அம்மாவும் பொண்ணும் என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கு. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கையிலிருந்த நோட்டீஸை நீட்டுச்சு.

"அக்கா, இது நீங்கதானே?"

நானேதான். வெள்ளை யூனிஃபார்ம், கையில விளக்கு. கீழே, "எங்கள் மாணவி, இன்று அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ்."

நான் ரெண்டு வருஷம் நர்சிங் படிச்ச சென்டரோட நோட்டீஸ். நர்ஸ் உறுதிமொழி எடுத்து விளக்கேத்துன அன்னிக்கு, "ஆல்பத்துக்குத்தாம்மா"ன்னு சொல்லி எங்க சார் எடுத்த படம்.

படிப்பு முடிச்சுப் பதிவு பண்ணப் போனப்பதான் தெரிஞ்சுது, அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சில் ஏத்துக்காதுன்னு. பதிவு இல்லாம ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. இப்ப மெடிக்கல் ஷாப்புல மாத்திரை எடுத்துக் குடுக்குறேன். இதுல என் மூஞ்சிய வச்சே ஆள் புடிக்கிறாங்க!

அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "சேர்றதுக்கு முன்னாடி கவுன்சில் அங்கீகார லெட்டரைக் காட்டச் சொல்லுங்கம்மா"ன்னேன்.

அந்தம்மா நோட்டீஸைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, பொண்ணுகிட்ட மெதுவா சொன்னாங்க: "தனக்கு வேலை கிடைச்சதும் அடுத்தவங்க வரக் கூடாதுன்னு நினைக்கிறாங்க பாரு."

என் படத்தை நம்புறாங்க. என்னை நம்பல.

அரசு ஆஸ்பத்திரியில என்னை எந்த வார்டுல போட்டிருக்காங்கன்னு யாருக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க. டூட்டிக்குக் கிளம்பணும்.