போனுக்குப் பதிலாக வாங்கிய கேமரா

மாலை ஐந்து இருபதுக்குக் குர்லாவில் ரயிலேறிய என் மகள், பத்து நிமிடத்தில் செம்பூரில் இறங்கியிருக்க வேண்டும். ஐந்து நாற்பதுக்கு, தண்டவாளத்தில் மழைநீர் தேங்கி ரயில்கள் நின்றுவிட்டதாக அறிவித்தார்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி புராஜெக்ட்டுக்குப் படமெடுக்கத் குர்லாவில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கையில் போன் கிடையாது. போன் கொடுத்தால் கெட்டுப்போவாள் என்று பயந்து, நான்தான் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கித் தந்திருந்தேன். இரண்டு வாரம் விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்தது. விலை குறைவு, பைக்குள் அடங்கும், பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும். இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிடுவாள் என்று செம்பூர் பிளாட்பாரத்தில் நின்று காத்திருந்தேன். என் போன் அடிக்கவே இல்லை. ஆபத்து என்றால் பேட்டரியும் பிக்சலும் என்ன செய்யும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

ஏழரை மணிக்கு, முழங்கால்வரை நனைந்த ஒரு பெண் என் மகளின் கையைப் பிடித்தபடி தண்டவாளத்தோரமாக நடந்து வந்தார். குர்லாவில் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவராம்.

"அம்மா, கேமரா நனையல," என்றாள் மகள்.

அந்தப் பெண் என் தோளைத் தொட்டார்.

"அழாதீங்கக்கா. நின்ன ரயில்ல, லேடீஸ் டப்பால எல்லாரும் வீட்டுக்குப் போன் போட்டாவ. இவகிட்டயும் என் போனக் குடுத்தேன். கேமராவுல அத்தன பட்டனும் தெரியுது, அம்மா நம்பர் தெரியலியே பிள்ளைக்கு. மொதல்ல அதச் சொல்லிக் குடுங்க."