எட்டு மாத மாஸ்டர்

அந்த மனிதரை ஓரிடத்தில் உட்கார வைக்க ஆண்டவனாலும் ஆகாது. அதனால்தான் தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். சாப்பிடும்போது கால் ஆடும். பேசும்போது விரல் மேசையில் தாளம் போடும். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் அவர் கைபட்டும் ஓடாத லிஃப்ட் அந்த ஊரில் கிடையாது. இதில் ஒரு சொல் மிகையில்லை.

கம்பெனியை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. முழங்கால் வலிக்கு டாக்டர் நீச்சல் பழகச் சொன்னார். அதுவரை குளிக்கிற வாளியைத் தாண்டித் தண்ணீரோடு பழக்கமில்லாதவர், நகராட்சி நீச்சல் குளத்தில் போய் இறங்கினார். எட்டே மாதத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்தினார். அதோடு நின்றாரா? பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித் தரப் போவதாக வீட்டில் அறிவித்தார்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். "நீங்க முழுசா நனைஞ்சே ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள வாத்தியாரா?"

மனைவியின் தம்பி சும்மா இருப்பானா? "மச்சான், ஒரு தடவை பிளேன்ல ஏறிட்டா பைலட் வேலைக்கும் எழுதிப் போடுவீங்க போல!"

"போடுவேன்டா. உனக்கென்ன, நீயா டிக்கெட் எடுக்கப் போற?" என்று சொல்லிவிட்டு அவர் குளத்து மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினார்.

மேனேஜர் கறாரான ஆள். "காலைல ஆறுலேருந்து ஏழு வரைக்கும் கடைசி லேன் உங்களுக்கு. ஒரு மாசம் பார்ப்பேன். மாசக் கடைசில அஞ்சு பேர் நின்னாங்கன்னா லேன் உங்களோடது. இல்லேன்னா இது பக்கத்து லேன் மெடல் மாஸ்டருக்குப் போயிடும். அவர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார்."

மெடல் மாஸ்டர் மூன்று வயதில் தண்ணீரில் இறங்கியவர். வாங்கிய மெடல்களைக் கழுத்தில் போட்டால் நீந்த முடியாது, மூழ்கத்தான் முடியும். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் நம் ஆள் கடை விரித்தார். வாசலில் ஒரு பலகை: 'நீண்ட அனுபவம் உள்ள பயிற்சியாளர்.' எழுதிய கை கூசத்தான் செய்தது. இருந்தாலும் எழுதினார்.

ஏழு பேர் வந்தார்கள். அவர் மெடல் மாஸ்டரைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார். கழுத்தில் விசில், இடுப்பில் கை. "உடம்பைத் தளர்த்துங்க! ஒண்ணும் ஆகாது, இறங்குங்க!" விசிலுக்கு லிஃப்டே நகராது, பயந்த மனிதர் நகர்வாரா? பத்தாம் நாள் மூன்று பேர்தான் மிச்சம். அவர் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வாசல் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் தலை திரும்பியது. வந்தது துடைப்பத்தோடு துப்புரவுக்காரர்.

மிச்சமிருந்த மூவரில் மருந்துக்கடை அக்கா ஒருவர். ஐம்பது வயது. பத்து நாளாகப் படிக்கட்டுக் கம்பியை விடவில்லை. அன்று திடீரென்று கேட்டார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. நீங்க நீச்சல் கத்துக்கிட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

அவருக்கு வாய் உலர்ந்துவிட்டது. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும்.

"எட்டு மாசம், அக்கா."

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விசிலைக் கழற்றிவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அக்கா கம்பியை விடாமலே சொன்னார். "அப்படின்னா முதல் நாள் உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும்ல?"

"இல்லாம? கால் விரல் தரையைக் கவ்வும். நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்ததும் யாரோ அமுக்கற மாதிரி மூச்சு முட்டும். காது முங்கினதும் பட்டுன்னு கதவைச் சாத்தின மாதிரி எல்லாச் சத்தமும் நின்னுடும். அந்த இடத்துலதான் நான் ஆறு நாள் எழுந்து ஓடினேன்."

"அதேதான்!" என்றார் அக்கா. "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"லிஃப்ட்ல இறங்கறதா நினைச்சுக்கிட்டேன். மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே முங்கணும். மனசுக்குள்ள மாடியை எண்ணணும். நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, தரை. தரைத்தளம் வந்தா கதவு திறக்கும், எழுந்துடலாம். இருபத்தாறு வருஷத்துல கதவு திறக்காம நான் விட்டதில்ல அக்கா."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடியே முங்கினார். இரண்டாம் மாடியிலேயே பதறி எழுந்துவிட்டார். மறுபடி முங்கினார். மூன்றாவது தடவை தரைத்தளம் போய் எழுந்தபோது இரண்டு கையும் கம்பியில் இல்லை.

அன்றே நம் ஆள் வாசல் பலகையை மாற்றி எழுதினார்: 'நான் நீச்சல் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. பயம் இன்னும் மறக்கவில்லை.'

"மச்சான், நல்லா இருந்த பொய்யைக் கெடுத்துட்டீங்களே!" என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அந்தப் பலகையைப் படிக்கத்தான் ஆள் நின்றது. மெடல் மாஸ்டரின் லேனில் மாதக்கணக்காகச் சுவரைப் பிடித்து நின்ற இரண்டு பேர் நைசாக இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வந்தவர்களுக்கு அக்கா மாடிக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தார். மாதக் கடைசியில் மேனேஜர் விரல் விட்டு எண்ணினார். ஒன்பது. லேன் அட்டவணையில் நம் ஆள் பெயரை எழுதினார்.

வேறொருவராயிருந்தால் காலை நீட்டிப் படுத்திருப்பார். பம்பரம் நிற்குமா? அடுத்த வாரமே புதிதாக வந்த ஒருவர் படியில் நடுங்கியபோது, நம் ஆள் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டார்: "ஒண்ணும் ஆகாது, இறங்குங்க!"

அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் சரக்கே பயம்தான். அது தீர்ந்துபோனால் கடையில் விற்க என்ன இருக்கிறது?

மறுநாள் ஏழு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நேரே மெடல் மாஸ்டரிடம் போனார். "மாஸ்டர், மேலேருந்து குதிக்கச் சொல்லிக் குடுங்க. எனக்கு அது சுத்தமா வராது, பயம்." போட்டிக்காரர் வாயைப் பிளந்தார். பிறகு மேலே இருந்த குதிக்கும் பலகையைக் கை காட்டினார்.

நம் ஆள் ஏறி அதன் நுனியில் போய் நின்றார். கால் விரல் பலகையைக் கவ்வியது. அக்காவும் மற்றவர்களும் கீழே அண்ணாந்து நின்றார்கள்.

"ஒண்ணும் ஆகாது, குதிங்க!" என்று கத்தினார் மெடல் மாஸ்டர்.

"அதை விடுங்க மாஸ்டர்," என்றார் மேலிருந்து. "இது எத்தனாவது மாடி? அதைச் சொல்லுங்க முதல்ல!"