பாப்பாவைத் தூக்காமல் நின்றேன்

நான் பள்ளியில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள். இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பதோடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் எழுத உட்கார்ந்தது அதிகப்படி என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த சில வாரங்களில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது. என் வீடு கிள்ளானில், காப்பார் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. என் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அப்போது என்னிடம் ஒரே ஒரு பெண் குழந்தைதான் இருந்தாள். பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். அம்மாவின் பேறுகால விடுப்பு முடிந்த கையோடு என்னிடம் வந்தவள். ஒன்றரை வயது ஆகியிருந்தது.

பாப்பாவின் அம்மாவுக்கு பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. சாலை நெரிசலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வந்து, தூக்கம் கலையாத பாப்பாவை என் தோளில் போட்டுவிட்டு ஓடுவாள். அவள் திரும்பி வரும்போது பாப்பா பெரும்பாலும் மறுபடி தூங்கியிருப்பாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவள். குழந்தை வளர்ச்சியைப் பற்றிக் கைப்பேசியில் எதையாவது படித்துவிட்டு, மாலையில் வாசலில் நின்றபடியே கேட்பாள்.

“ஆன்டி, இன்னைக்கு பாப்பா கட்டைய அடுக்குச்சா?”

“அடுக்குச்சு மா. அடுக்கி முடிச்சு என் தலையிலேயே போட்டுச்சு.”

“அய்யோ, வெரி குட்! அதுவும் டெவலப்மென்ட்தான் ஆன்டி!”

இப்படிச் சிரித்துப் பேசிக்கொள்கிறவர்கள்தான் நாங்கள்.

ஒருநாள் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். குழந்தை உளவியலில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு மாணவி, பகலெல்லாம் வேறொருவரிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்கிறாளாம். அம்மாவும் வர வேண்டும், பார்த்துக்கொள்கிறவரும் வர வேண்டும் என்றாள்.

“நம்ம பாப்பா எவ்ளோ ஸ்மார்ட்டுன்னு அவங்களும் பார்க்கட்டும். நல்ல சேலையா கட்டிக்கங்க லா ஆன்டி, ரெக்கார்டிங்கெல்லாம் இருக்கு.”

ஒரு சனிக்கிழமை மூவரும் போனோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த இடம். ஓர் அறையில் பாய், விளையாட்டுச் சாமான்கள், இரண்டு நாற்காலிகள். ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. அறைக்குள்ளிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். பக்கத்து அறையிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும்.

மாணவி நம் தமிழ்ப் பெண்தான். பொறுமையாக விளக்கினாள். முதலில் பாப்பாவோடு அம்மா உட்கார வேண்டும். பிறகு பாப்பாவுக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் உள்ளே வருவாள். அம்மா வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வர வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவின் இடத்தில் நான்.

“இது டெஸ்ட் இல்ல ஆன்டி, பாஸ் ஃபெயில் கிடையாது. பயம் வந்தா பிள்ளைங்க யார நம்பி ஓடுறாங்கன்னு பார்க்கிற ஒரு முறை. விட்டுட்டுப் போனவங்க திரும்பி வர்றப்ப பிள்ளை என்ன செய்யுதுங்கிறதுதான் எங்களுக்கு முக்கியம். நீங்க வீட்ல எப்படியோ அப்படியே இருங்க.”

காலையில் நான் மாணவியோடு கண்ணாடிக்குப் பின்னால், பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா எழுந்து வெளியே போனாள். பாப்பா கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குட்டிச் சட்டிக்கு மூடி தேட ஆரம்பித்துவிட்டாள். புதிதாக வந்த பெண் பந்தை உருட்டினாள், பாப்பாவும் திருப்பி உருட்டினாள். அம்மா திரும்பி வந்து முட்டி போட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். பாப்பா நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். மறுபடியும் சட்டியும் மூடியும். மாணவி ஏதோ எழுதிக்கொண்டாள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பார்த்தீங்களா ஆன்டி? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. என் பொண்ணு தைரியசாலி லா!”

மாணவி சிரித்தாள்.

பக்கத்துக் கடையில் வாழையிலைச் சாப்பாடு. இலையில் பரிமாறும்போதே பாப்பாவின் அம்மா கணவரைக் கைப்பேசியில் அழைத்து, “அழவே இல்லங்க, அந்தப் பொண்ணே அசந்துட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் குளியலறைக்குப் போனாலே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவள் பாப்பா. குப்பையைப் போட வாசல் கேட் வரை போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமாகவும் அது தோன்றவில்லை.

“எனக்குத் தலை வலிக்குது மா. காலையில பார்த்ததே போதும்னு சொல்லிடலாமே” என்றேன்.

“அதெப்படி ஆன்டி, பாவம் அந்தப் பொண்ணு படிப்புக்குத்தானே செய்யுது. சும்மா வாங்க, உங்ககிட்டயும் அழமாட்டா, பாருங்க.”

போனேன். பாயில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டினேன். கதவு லேசாகத் தட்டப்பட்டதும், சொன்னபடி எழுந்து வெளியே வந்தேன். கதவு சாத்துவதற்குள் பாப்பா அலறிவிட்டாள். அவளுடைய அழுகை எல்லாம் எனக்கு அத்துப்படி. பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு. இது அந்த இரண்டுமில்லை. கதவில் அவள் கை படபடவென்று அடிப்பது கேட்டது. அந்தப் புதுப் பெண் பந்து, பொம்மை என்று என்னவோ சொல்லிச் சமாதானம் செய்து பார்த்தாள். மாணவி எட்டிப் பார்த்து, “போங்க ஆன்டி, இப்பவே போங்க” என்றாள்.

உள்ளே போனேன். பாப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் குனிந்துவிட்டேன். அப்போதுதான் எதிரே இருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. அதில் நானும் பாப்பாவும்தான் தெரிந்தோம். ஆனால் அதற்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியுமே.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல், “அழாத பாப்பா, ஒண்ணுமில்ல” என்றேன். பாப்பா என் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். என்னிடம் வந்த நாளிலிருந்து அவள் கை தூக்கி நான் தூக்காமல் இருந்ததே இல்லை. திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கதவு திறந்து அம்மா உள்ளே வந்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் வரக் கூடாது. வந்த வேகத்தில் பாப்பாவை வாரித் தூக்கினாள். பாப்பா உடம்பை முறுக்கி, என் பக்கம் கைகளை நீட்டி மறுபடியும் கத்தினாள்.

பின்னாலேயே மாணவி வந்தாள். “ஏன் ஆன்டி தூக்கல? வீட்ல இருக்கிற மாதிரிதானே இருக்கச் சொன்னேன்? இத இனி ஆய்வுல சேர்த்துக்க முடியாது” என்றாள். கோபமில்லை, வருத்தம்தான். நான் தலை குனிந்துகொண்டேன்.

பிறகு அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, இதுல போட்டி ஒண்ணும் இல்ல. ஒரு பிள்ளை ரெண்டு மூணு பேர்கிட்ட பற்று வைக்கும். அழலன்னா பாசம் இல்லன்னு அர்த்தம் கிடையாது. அதோட ஒரு பிள்ளைய ஒரு நாள் பார்த்துட்டு எதையும் முடிவு பண்ண முடியாது. நிறைய பிள்ளைங்களைப் பார்த்துத்தான் சொல்வோம்.”

“உங்களுக்கு நிறைய பிள்ளைங்க மா” என்றாள் அம்மா. “எனக்கு இது ஒண்ணுதான்.”

மூவரும் காரில் திரும்பினோம். பாப்பா பின்னால் தன் இருக்கையில் தேம்பித் தேம்பித் தூங்கிப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் தொடவில்லை. என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே அம்மா சொன்னாள்.

“நீங்க தூக்கியிருந்தாகூட நான் தாங்கியிருப்பேன் ஆன்டி. என்னப் பார்த்துப் பாவப்பட்டீங்க பாருங்க...” நான் இறங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், மாணவி செய்ததில் தப்பில்லை. அம்மாவுக்கு வலித்ததும் நியாயம்தான். எங்கள் வேலையே இப்படித்தான். பிள்ளை ஒட்டாவிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்று நிறுத்துவார்கள், உயிராய் ஒட்டிக்கொண்டால் அதற்காகவும் நிறுத்துவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் பாப்பாவைப் பற்றி எதை எதையோ எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பாப்பா என்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாள் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாப்பாவின் அப்பா மட்டும் வந்தார். “பக்கத்துலயே நர்சரியில போடலாம்னு இருக்கோம் ஆன்டி” என்று சொல்லி, பால் போத்தல்களையும் துணிப்பையையும் வாங்கிக்கொண்டு போனார்.